அவளுக்கு மட்டும் கிடைத்த கட்டி

இரண்டு வருடங்களுக்கு முன், அவிநாசி பக்கம் நாங்கள் கூட்டுக் குடும்பமாக இருந்தபோது நடந்தது இது. நானும் என் கொழுந்தனார் மனைவியும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தோம். எனக்குத் தைத்த பீஸ்களில் குறை பார்க்கும் செக்கிங், அவளுக்கு ஓவர்லாக் தையல்.

எனக்கு பி.பி. வந்தபோது வீட்டில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. "எல்லார்த்துக்கும் வர்றதுதான் கண்ணு, மாத்திரையப் போட்டுக்க" என்றார் மாமியார். குழம்பில் உப்பு குறையவே இல்லை.

அடுத்து அவளுக்கும் வந்தது. எத்தனை மாத்திரை போட்டும் இறங்கவில்லை. கால்கள் துவண்டு, மிஷின் பெடலை மிதிக்கவே முடியாமல் போனது. கோயமுத்தூரில் காட்டியதில், சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பியில் ஒரு கட்டி, அதில் சுரக்கும் ஹார்மோன்தான் பி.பி.யை ஏற்றுகிறது என்றார்கள். அன்றே குழம்பில் உப்பு பாதியாகிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். பி.பி. இறங்கி, மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். நான் தினமும் விழுங்கிக்கொண்டிருக்க, அவள் ஜம்மென்று வேலைக்கு வந்தாள். எனக்கும் அப்படி ஒரு கட்டி இருந்தால் எடுத்துத் தொலைக்கலாமே என்று ஏங்கினேன். கட்டிக்கு ஆசைப்பட்ட ஒரே பைத்தியம் நானாகத்தான் இருப்பேன்.

அவளுடைய செக்கப்புக்குத் துணை என்று சொல்லிப் போய், அதே டாக்டரிடம் கேட்டு எனக்கும் டெஸ்ட் எடுத்துக்கொண்டேன். அடுத்த முறை போனபோது, "உங்களுக்குக் கட்டியெல்லாம் ஒண்ணுமில்லம்மா, சாதாரண பி.பி.தான்" என்று அவள் முன்னாலேயே சொல்லிச் சிரித்தார். என் முகம் தொங்கிப்போனது. பிறகு என்னை வெளியே இருக்கச் சொல்லி, அவளைப் பரிசோதித்தார்.

திரும்பும் பஸ்ஸில், கருமத்தம்பட்டி தாண்டியதும் அவள் மெதுவாகப் பேசினாள். "கழுத்துல இன்னொரு கட்டி இருக்குதுன்னு போன தடவையே சொன்னாங்கக்கா. இன்னைக்கு ஊசி போட்டு அதுல கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க. ஊட்ல யாருக்கும் தெரியாதுங்க."

நான் அவள் கழுத்தைப் பார்த்தேன்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொன்னாருல்லங்க, அப்ப உங்க மேல அத்தனை பொறாமையா இருந்துச்சுங்கக்கா" என்றாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ரிசல்ட் வரும்வரை கம்பெனியில் பீஸ் எதுவும் என் கண்ணில் பதியவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை, சாதாரணக் கட்டிதான் என்று ரிசல்ட் வந்தது. அவள்மேல் இருந்த பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் என்னைவிட நன்றாக இருக்கிறாளே என்று வயிறு எரிகிறபோதே, அப்பாடா, நன்றாக இருக்கிறாள் என்ற நிம்மதியும் இப்போதெல்லாம் சேர்ந்தே வருகிறது.