பத்தாவது பை

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பத்து இடங்களில் மண் எடுத்து வந்து, எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் காமா கதிர் அளக்கும் கருவியில் ஒவ்வொன்றாக வைத்தேன். பத்தாவது பை திரையையே அதிர வைத்தது! பொட்டாசியத்தின் கதிரைக் காட்டும் முகடு மற்ற ஒன்பதையும்விடப் பல மடங்கு உயரம். அபூர்வப் பாறை ஏதோ அடியில் கிடக்கிறது என்று துள்ளினேன்.

மறுநாளே மலையேறினேன். மண் எடுக்கக் கூட வந்த, கொழுந்து பறிக்கும் செல்வி அக்காவிடம், "அக்கா, உங்க மண்ணுல கதிரியக்கம் எக்கச்சக்கமா இருக்கு!" என்று நல்ல சேதிபோலக் கத்தினேன்.

அவர் முகம் வெளுத்தது. "பிள்ளைங்க மண்ணுலதான மிஸ் விளையாடுது?"

பத்தாவது பை மண்ணை எடுத்த இடத்துக்கு அவரை அழைத்துப்போய்க் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

"லோரியில வர்ற உரமூட்டைய இறக்குற இடம்லா இது! அன்னைக்கே இங்க எடுக்க வேணாம்னு சொன்னேன். மழை வருதுன்னு நீங்கதான் அவசரப்பட்டீங்க."

அங்கே சிந்தியிருந்தது பொட்டாஷ் உரம்; அதிலுள்ள பொட்டாசியத்துக்கு இயல்பாகவே சிறிது கதிரியக்கம் உண்டு. அது நான் படித்த பாடத்திலேயே இருந்தது!

"நாங்க குடியிருக்குற லைன் வீட்டு வாசல் மண்ணையும் பாத்துடுங்க மிஸ்," என்றார். எடுத்து வந்து அளந்தேன். முகடு மற்ற ஒன்பதைப் போலவே தாழ்ந்திருந்தது. உடனே போனில் கூவினேன்: "சாதாரண மண்ணுதான் அக்கா!"

போனுக்கு அப்பால் அவர் குரல்: "டேய், வெளிய போய் விளையாடுங்கடா!"

சிரித்த அன்றிலிருந்து அவர் பிள்ளைகளை வாசலுக்கே விடவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.