லூக்கா அனுப்பிய சீடி

பேய், ஆவி என்று ஆரும் கதை தொடங்கினால் நான் எழும்பிப் போகிற ஆள். வன்னியில் பங்கருக்குள் செத்தவர்களுக்குப் பக்கத்தில் படுத்து நித்திரை கொண்டவன், ஒன்றும் வந்து என்னைத் தொட்டதில்லை. இதை வாசித்துவிட்டு நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இத்தாலியில், பலெர்மோவில் நான் துப்புரவு வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவுக்கு லூக்கா என்று ஒரே மகன். அவனுடைய அறை முழுக்க யப்பான் சீடிகள். அவை கடைக்கு வருகிறவை இல்லையாம். அங்கே கந்தோரிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்கிற ஆட்கள் தங்கள் ஆசைக்கு வீட்டிலிருந்தே பாட்டுச் செய்து, கொஞ்சச் சீடி அடித்து, பெரிய மண்டபத்தில் மேசை போட்டுத் தாங்களே விற்பார்களாம். இதை நான் வந்து சொல்ல என் மனுசி ராணி, "பெருநாளிலை கச்சான் விக்கிற மாதிரியோ?" என்று சிரித்தாள்.

மாசியில் லூக்கா செத்துப்போனான். இருதயம். ஐப்பசி முடிகிற நேரம் சிஞ்ஞோரா எல்லாவற்றையும் குப்பையில் போடச் சொன்னா. போட்டேன். மட்டையில் வெள்ளைப் பூனை கீறியிருந்த ஒன்றை மட்டும் போட மனம் வரவில்லை, மகள் மெலனிக்கு என்று எடுத்து வந்தேன்.

நான் பிழை விட்டது இதற்குப் பிறகுதான். இறந்தோர் நாளில் எங்கள் ஆட்கள் சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவோம், அவ்வளவுதான். இந்த ஊரிலோ அன்றைக்குச் செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார்கள் என்பார்கள். மெலனியின் வகுப்பில் எல்லாருக்கும் வரும், இவளுக்கு மட்டும் வராது. அந்தக் கவலையில் சீடியை அவளுடைய தலைமாட்டில் வைத்தேன்.

"பப்பா, ஆர் கொண்டு வந்தது?"

"சிஞ்ஞோராவின்ரை மகன் லூக்கா."

"அவர் செத்துப்போனவர் எல்லோ?"

"ஓம், அதுதான் கொண்டு வந்தவர்."

"பிள்ளைக்கு விசர்க்கதை கதையாதேங்கோ" என்று ராணி ஏசினாள்.

பத்து மணியிருக்கும், கீழே பல்லரோச் சந்தையில் மீன்காரர் கத்துகிற சத்தம். மெலனி சீடியைப் போட்டாள். வெறும் பியானோ. நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்க, அவள் ஆருக்கோ இத்தாலியனில் பதில் சொல்வது கேட்டது. பேர் சொன்னாள், எட்டு வயது என்றாள், பிறகு "ஓம், வாறன்" என்றாள். போய்ப் பார்த்தால் கையில் போன் இல்லை, பியானோ மட்டும் ஓடுகிறது.

"ஆரோடை கதைச்சனி?"

"லூக்காவோடை. உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

பின்னேரம் அவளுக்குக் காய்ச்சல் பிடித்தது, மூன்று நாளாக இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், ஒரு வருத்தமும் இல்லை என்று வீட்டுக்கு விட்டார்கள். நாலாம் நாள் காலமை அவள் கண் திறக்காமலே, "அம்மா, சப்பாத்தை எடுத்துத் தாங்கோ, அவர் வாசலிலை நிக்கிறார்" என்றாள். ராணி சீடியைக் கழற்றி என் கையில் திணித்து, "கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. சேமக்காலைக்கு ஓடி, லூக்காவின் கல்லறையில் அவனுடைய படத்துக்குக் கீழே வைத்து, "தம்பி, பிழை என்ரை, அவளை விடு" என்று தமிழிலேயே கெஞ்சினேன். நம்பினால் நம்புங்கள், திரும்பி வர மெலனி கட்டிலில் இருந்து பாண் தின்றுகொண்டிருந்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சீடியில் மனிதக் குரல் இருந்ததா என்று அறியாமல் எனக்கு நித்திரை இல்லை. மட்டை வீட்டில் கிடந்தது, அதில் பாட்டுச் செய்தவருடைய மெயில் இருந்தது. போனில் மொழிபெயர்த்துக் கேட்டு எழுதினேன். அடுத்த நாளே பதில் போட்டார், நல்ல மரியாதையான மனுசர். குரல் இல்லை, பியானோ மட்டும்தான் என்றார். மெலனிக்குப் பிடித்ததா என்றும் கேட்டிருந்தார்.

நான் அவளுடைய பேரை எழுதவேயில்லை.

எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டேன். இறந்தோர் நாளன்று லூக்கா தனக்கு எழுதினாராம், சீடியை மெலனிக்குக் கொடுத்துவிட்டேன், அடுத்ததையும் அவளுடைய பேருக்கே அனுப்புங்கள் என்று. அனுப்பிவிட்டாராம். கீழே எங்கள் விலாசம் இருந்தது. மூன்றாம் மாடி என்பதுவரை சரி. லூக்கா ஒரு நாளும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

அந்தப் பொதி இன்னும் வரவில்லை. கீழே மணி அடித்தால் மெலனியை நான் எழும்ப விடுவதில்லை, நான்தான் இறங்கிப் போகிறேன்.