காலி உறை

என் தங்கைக்குக் கர்ப்பகாலப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. குழந்தை பிறந்த உடனே இரண்டு ஊசி போட்டுவிட்டால் பெரும்பாலும் ஒட்டாது என்றார் மருத்துவர். புதுச்சேரியில் ஓர் ஆய்வகத்தில் அந்த வைரஸின் புரதங்களோடுதான் நான் நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறேன். அது எங்கள் வீட்டுக்கே வரும் என்று நினைக்கவில்லை.

ஆனாலும் அதன் மேல் எனக்கிருந்த ஆச்சரியம் குறையவில்லை. வைரஸின் மரபுப்பொருளை ஒரு புரதக் கூடு பொதிந்துகொள்ளும். அதை உறைப்புரதங்கள் மூட வேண்டும். அவற்றில் பெரியது கூட்டைப் பிடித்துக்கொண்டால்தான் முழு வைரஸ் உருவாகும். சின்னதுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கூடு வருகிறதா என்றுகூடப் பார்க்காமல், தன் இனத்தோடு சேர்ந்து வெறும் உருண்டையாகிக் கிளம்பிவிடும். நோயாளியின் ரத்தத்தில் முழு வைரஸைவிட இந்தக் காலி உருண்டைகள்தான் மிக அதிகம். எதற்கு இத்தனை வெட்டிவேலை என்று மண்டையைக் குடைந்துகொள்வேன்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்த காலை, தங்கையின் கட்டிலருகே உட்கார்ந்து இதைத்தான் அளந்துகொண்டிருந்தேன். தடுப்பூசியிலும் அதே சின்னப் புரதம்தான் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. நர்ஸ் ஊசியோடு வந்ததும் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"என் ரத்தத்துல கீறதையே இதுக்கும் குத்துவீங்களா? வேணாங்க, வுட்டுடுங்க."

நர்ஸ் என்னை முறைத்தார். "ஜல்தியா புரிய வைங்க மேடம்."

தங்கையின் புகுந்த வீடு கண்டமங்கலம் பக்கம், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விவசாயம்.

"பொக்கு மல்லாட்டைய வெதச்சா மொளைக்குமாடி?" என்றேன்.

"உள்ள பருப்பே இல்லாம எப்டி மொளைக்கும்?"

"ஊசியில கீறதும் ஓடு மட்டும்தான். ஓட்டைப் பாத்து வெச்சிக்கினா, நாளைக்குப் பருப்போட வர்றதையும் பாப்பா ஒடம்பு கண்டுபுடிச்சிடும். இன்னொரு ஊசி, ஒடம்பு அதைக் கத்துக்கற வரைக்கும் காவலுக்கு."

"நெஜமாவாக்கா?"

"சத்தியமா."

கையைத் தளர்த்தினாள். தொடைக்கு ஒன்றாக இரண்டு ஊசி. குழந்தையைவிட அவள்தான் அதிகம் அழுதாள்.

மீதித் தவணைகளும் முடிந்து, குழந்தை தவழ ஆரம்பித்த பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வந்தபோது எல்லோரும் திண்டிவனத்தில் என் வீட்டில் இருந்தோம். வைரஸின் உறை இல்லை. அதை எதிர்க்கும் பொருள் நிறைய இருந்தது. அப்படியென்றால் என்ன என்று தங்கை கேட்டாள்.

"உங்கிட்ட கீறது இவகிட்ட வரல. இனிமே வந்தாலும், இவ ஒடம்பே தொரத்திடும்."

மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அம்மாகிட்டருந்து தப்பிச்சிக்கினியாடி?" என்றாள்.