ஏகநாதன் மாற்றிய பாகங்கள்

வில்லியனூர் கடைத்தெருவில் பம்புசெட் உதிரிப் பாகங்கள் விற்ற ஏகநாதனுக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். மோட்டார் ஆடுகிறது என்று யார் வந்து நின்றாலும், "பேரிங்க மாத்துப்பா" என்பார். அப்போதும் ஆடினால் புஷ். அதற்கும் அடங்காவிட்டால் ஷாப்ட்.

அப்பா கண்மூடியதும் படிப்பை விட்டுக் கல்லாவில் உட்கார்ந்தவர் அவர். அண்ணன் கோவிந்தராஜ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறிவிட, தங்கைகளின் கல்யாணம், பக்கவாதத்தில் விழுந்த அம்மா, கடை என்று எல்லாம் இவர் தலையில் இறங்கின. நாற்பத்தைந்து வயதில் அறுபது வயதின் அசதி அந்த முகத்தில் குடியேறிவிட்டது.

1983இல் விடுமுறைக்கு வந்த அண்ணன் ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே ரேடியோவால் ஓட்டும் சிறிய ஹெலிகாப்டர். ஊரார் பொம்மை என்றார்கள். ஆனால் ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றினால் அது நிஜ இன்ஜின் போலவே உறுமியது. அதைக் கையில் தூக்கிய அன்றுதான், தனக்கென்று ஆசைப்பட ஒன்று இருக்கிறது என்பதே ஏகநாதனுக்குத் தெரிந்தது. ஆள் உயரத்தில் அது ஒரு முறை ஆடாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான். வேறெதையும் அவர் யாரிடமும் கேட்டதில்லை.

அது நிற்கவில்லை. முழங்கால் உயரம் எழும்பும். ஜன்னி கண்ட பிள்ளைபோல் உதறும். இறக்கிவிடுவார்.

கடைக்காரப் புத்தி உடனே வேலை செய்தது. பித்தளை புஷ்ஷைக் கழற்றிவிட்டுப் புதுச்சேரி டவுனில் தேடிப் பிடித்த பேரிங்கைப் போட்டார். உதறியது. இறக்கையைச் சாய்க்கும் பிளாஸ்டிக் கைகளுக்குப் பதில் அலுமினியம் வந்தது. உதறியது. வால் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும் கைரோவை அண்ணன் அனுப்பினார். வால் நின்றது, உடம்பு உதறியது. கடைசியில் மர இறக்கைகளே போய் ஃபைபர் இறக்கைகள் வந்தன. ஒவ்வொரு முறையும் இரண்டு இறக்கைகளையும் தராசில் வைத்து, முள் இம்மியும் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துத்தான் மாட்டுவார். வெள்ளிக்கிழமை மனைவி கோகிலாம்பாள் கடைக்கு வந்து தராசுக்கும் கல்லாவுக்கும் பொட்டு வைக்கும்போது, கடை பீரோவில் வைத்திருக்கும் ஹெலிகாப்டருக்கும் வைத்து, கற்பூரம் காட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை வயலுக்குப் போவார். அது உதறும்.

இரண்டு ஆண்டுகள் இப்படியே போயின. சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் கல்லாவிலேயே மயங்கிச் சாய்ந்தார். அந்த மாசியில் மறுபடி வந்திருந்த கோவிந்தராஜிடம் கோகிலாம்பாள் அதைச் சொல்லி அழுதுவிட்டாள்.

"டேய் ஏகா," என்றார் அண்ணன். "எனக்கு வக்கான்ஸ் லீவு முடியுது. புதன்கிழமை கிளம்பணும். இந்த ஞாயித்துக்கிழமை இது நிக்கலன்னா பெட்டியில போட்டு எடுத்துக்கினு போயிடறேன். அங்க ஒருத்தன் இத ஓட்டறதுக்குன்னே கிளப்பு வச்சிருக்கான், அவங்கிட்ட குடுத்துடறேன். நீ ஒடம்பப் பாரு."

ஏகநாதன் தலையை மட்டும் ஆட்டினார். எதிர்த்துப் பேசக்கூடத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை உறுவையாறு கிராமத்தில் அறுவடை முடிந்த வயலுக்கு மூவரும் போனார்கள். இன்ஜின் உறுமியது. எழும்பியது. உதறியது. ஏகநாதன் இறக்கினார். ரேடியோப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

"எடுத்துக்கினு போண்ணா."

பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுப்பவன் குரல் அது. கோவிந்தராஜ் மூடியைத் திறந்து பெட்டியைத் தயார் செய்தார்.

"இருங்க மாமா," என்று கோகிலாம்பாள் முன்னால் வந்தாள். "பொட்டோட வூட்ட வுட்டு அனுப்பக் கூடாது." அவர்கள் வீட்டு வழக்கம் அது. பழைய தராசை விற்றபோதும் பொட்டைக் கழுவித்தான் கொடுத்தார்கள்.

முந்தானையை நனைத்துத் தேய்த்தாள். வரவில்லை. கொண்டை ஊசியைப் பிடுங்கி நெம்பினாள். இறக்கை நுனியிலிருந்து புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சிவப்புக் கட்டி பெயர்ந்து விழுந்தது. அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போன ஏகநாதனின் கை பாதியில் நின்றது. எடை பார்த்தே பழகிய கை.

"இன்னாடி இது, இவ்ளோ கெட்டியா?"

"அடியில மெழுகுங்க. நான் நெத்திக்கு வைக்கறதுதான். மொத தபா சந்தனம் வச்சி அனுப்பினேன், மூளியாத் திரும்பி வந்துது. மனசு கேக்கல. அப்பறம் மெழுகு வச்சி அதும்மேல குங்குமம். வாராவாரம் வச்சேன். புதுசு மாட்டினா புதுசுக்கும் வச்சேன்."

"ரெண்டு இறக்கையிலயுமா?"

"பீரோவுல முன்னாடி நீட்டிக்கினு இருக்குமே, அதுல மட்டுந்தான். சாமிக்கு வைக்கறதுக்கு இன்னா ரெண்டு நெத்தியா?"

கோவிந்தராஜ் பெட்டி மூடியைச் சாய்த்து வைத்தார்.

ஏகநாதன் எழுந்தார். இறக்கையைத் துடைத்தார். இன்ஜினைக் கிளப்பினார். எண்ணெய் போட்ட சக்கரம்போல் வழுவழுப்பான ஓர் ஓசை எழுந்தது. முழங்கால், இடுப்பு, மார்பு. ஆள் உயரத்தில் வந்து நின்றது. உதறவில்லை. வைக்கோல் தூசி மட்டும் சுற்றிலும் பறந்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷத்து அசதியும் ஒன்றாகக் கரைந்து கண்ணில் வந்து நின்றது. பார்வை மறைக்கத் தொடங்கியதும் மெல்ல இறக்கினார்.

"இன்னாங்க," கோகிலாம்பாள் அருகில் வந்தாள். "அப்ப நீங்க கழட்டிக் கழட்டி மாட்டினதெல்லாம் என்னாலதானா?"

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தார். பொய் சொல்வதற்கும் தெம்பு வேண்டுமே.

"ஆமா கோகிலா. பழைய பேரிங்கு நல்லாத்தான் இருந்துது."

அவள் அறுத்த நெல்தாளின் மேலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். "அது விழக்கூடாதுன்னு வச்சேங்க. பாவி நான், உங்கள விழ வச்சிட்டேன்."

"அழுவாத. எனக்காக வேற எவ பொட்டு வப்பா?"

கோவிந்தராஜ் காலிப் பெட்டியைத் தோளில் தூக்கினார். "இதுல என் துணிமணிய அடுக்கிக்கறேண்டா," என்று சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார்.

கோகிலாம்பாள் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள். "ஒண்ணு சொல்லட்டுங்களா? அது நின்னத நான் பாக்கல. கண்ண மூடி வேண்டிக்கினு இருந்தேன்."

ஏகநாதன் எண்ணெய்ப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் இருந்தது. முழங்கால் வலித்தது. அதை மண்ணில் ஊன்றி, இன்ஜினைக் கிளப்ப மறுபடியும் குனிந்தார்.

"இந்த தபா தொறந்து வச்சிக்கினு இரு" என்றார்.