கழுவினாலும் கழலாத சீல்

1. புதன்கிழமை வந்த பை

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் சீல் கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். ரப்பரை அளவாக வெட்டி, அடியில் ஸ்பொன்ஜ் வைத்து, மரக்கட்டையில் ஒட்டுவது என் வேலை. மவுண்டிங் என்போம். தோட்டத்து ஆபீஸ், பாடசாலை, கோயில் என்று இந்தப் பக்கத்தில் என் கை படாத சீல் குறைவு. பெருமையடிக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், உண்மையைத்தான் சொல்கிறேன்.

அந்தப் பெருமைக்கு ஒரு புதன்கிழமை நல்ல அடி விழுந்தது. எல்ல ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஜெசிந்தா வந்தாள். என் வயதுக்காரி. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, படம் குத்திய வாழ்த்து அட்டைகள் செய்து ஹோட்டல்களுக்குக் கொடுப்பவள். தேயிலைக் கொழுந்து, கூடை, ரயில், பாலம் என்று பன்னிரண்டு பட சீல்களை இரண்டு வாரத்துக்கு முன்தான் எங்களிடம் செய்து வாங்கிப் போயிருந்தாள். வந்தவள் வணக்கம்கூடச் சொல்லாமல் பையை மேசையில் கவிழ்த்தாள். கட்டை தனி, ஸ்பொன்ஜ் தனி, ரப்பர் தனி.

"இங்க பாரு விமலா. நேத்து ரயில் கழண்டுச்சி, இன்னைக்கி கூடையும் போச்சி. சனிக்கெழம ஹோட்டலுக்கு முந்நூறு கார்டு குடுக்கணும், பாதிகூட முடியல. மொத ஓர்டரே இப்பிடின்னா மறுபடி எங்கள யாரு கூப்புடுவா?"

முதலாளி எட்டிப் பார்த்தார். "இத என்னம்மா செஞ்சீங்க?"

"கலர் மாத்துறப்பல்லாம் கழுவுனோம்ங்க."

"கழுவுனீங்களா! சீல எவனாச்சும் கழுவுவானா? அப்ப கழலாம என்ன செய்யும்?"

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆபீஸ் சீலுக்கு ஒரே மைப் பேட், ஒரே நிறம். அது ஆயுள் முழுக்கத் தண்ணீரே காணாது. ஆனால் கார்டுக்கு ஒரே கொழுந்தைப் பச்சையிலும் குத்த வேண்டும், சிவப்பிலும் குத்த வேண்டும். கழுவாமல் எப்படிக் குத்துவாள்? நான் ஒட்டிய ஸ்பொன்ஜ் தண்ணீரைக் குடித்து ஊறியிருந்தது. கட்டையும் வீங்கிப் பசையை விட்டிருந்தது. என்ன செய்யப் போகிறாய் என்று ஒரு வார்த்தை அவளைக் கேட்காமல் ஒட்டிக் கொடுத்தது நான்.

"குத்தம் அவங்க மேல இல்லீங்க முதலாளி, என் மேலதான்" என்றேன். சொல்லும்போது காதெல்லாம் சுட்டது.

2. செருப்புக் கடை

அன்று நல்ல மழை. வாசலில் கழற்றிப் போட்ட என் ஸ்லிப்பர் நனைந்து கிடந்தது. எடுத்து ஒரு உதறு உதறினேன், காய்ந்துவிட்டது. அடடா, இது தண்ணீர் குடிக்காதே! நேராகச் செருப்புத் தைப்பவரிடம் போய், ஸ்பொன்ஜுக்குப் பதிலாக வைக்க, செருப்பின் அடிப்பாகத்துக்குப் போடும் மெல்லிய ஷீட் ஒன்றும் அவர் ஒட்டுகிற பசையும் வாங்கி வந்தேன்.

முதலாளி தலையில் கைவைத்தார். "மூளகீள கலங்கிருச்சா விமலா? செருப்ப வெட்டி சீல்ல ஒட்டப் போறியா?"

"ஒட்டத்தான் போறேன். நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க."

பழைய கட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மகோகனிக் கட்டை அறுத்து, சேன்ட்பேப்பர் போட்டு, ஒட்டும் பக்கத்தை விட்டு மற்றெல்லாப் பக்கமும் வார்னிஷ் அடித்தேன். பசையை இரண்டு பக்கமும் தடவி, புறங்கையால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்தேன். அவசரப்பட்டு ஈரத்தில் வைத்தால் நடுவில் குமிழ் நிற்கும். ஓரம் வெட்டும்போது பிளேடை வெளிப்பக்கம் சாய்த்தேன். உள்ளே சாய்த்தால் படத்தின் ஓரத்துக்கு அடியில் தாங்க ஒன்றும் இருக்காது, கோடு மடங்கிப்போகும்.

வியாழக்கிழமை பன்னிரண்டும் தயார். ரயிலை மட்டும் வாளித் தண்ணீரில் போட்டு மாலைவரை விட்டேன். எடுத்து நகத்தால் நெம்பினேன், அசையவில்லை. வெள்ளி காலை முதல் பஸ்ஸில் நானே கொண்டுபோனேன். ஜெசிந்தா ரயிலைக் குழாயடியில் பிடித்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய் தேயென்று தேய்த்தாள். துடைத்து நீலத்தில் குத்தினாள். ஜன்னல் கம்பிகூடத் தெளிவாக விழுந்தது.

"அம்மாடி" என்றாள். அப்புறம்தான் "சாப்ட்டியா?" என்று கேட்டாள். ஆறு பெண்களோடு ஏழாவதாக நானும் உட்கார்ந்து அன்று முழுக்கக் குத்தினேன். சனிக்கிழமை முந்நூறும் போய்ச் சேர்ந்தது.

3. போன மாதம்

சீல் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: அளவு கேட்கும் முன், "இத வச்சி என்னா செய்வீங்க?" என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

வருடங்கள் கழித்து, போன மாதம் ஜெசிந்தா கூடைப் படத்தைக் கொண்டுவந்தாள். சீமெந்துத் தரையில் விழுந்து கட்டை பிளந்திருந்தது. "ரப்பர் நல்லாத்தான் இருக்கு. கட்டைய மட்டும் மாத்திக் குடு" என்றாள். பிளேடு வைத்தேன், ரப்பர் கட்டையை விட்டு வரவில்லை. மெல்லிய கத்தி வைத்தேன், அதுவும் வரவில்லை. நெற்றி வேர்த்துவிட்டது.

முதலாளிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னா விமலா, நீ ஒட்டுனத ஒன்னாலயே கழட்ட ஏலலியா?"

"ஏலாதுங்க முதலாளி" என்றேன், கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.