இரண்டு நாள் அமாவாசை

பள்ளி விட்ட பிறகு என் மகளைப் பார்த்துக்கொள்ளும் டே கேர், பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டு மாடியில் இருக்கிறது. கீழே கணவர் தறியில் இருப்பார். மேலே மனைவி பன்னிரண்டு பிள்ளைகளோடு இருப்பார். இரண்டில் எது கஷ்டமான தொழில் என்று கேட்கும் தைரியம் எனக்கு வந்ததில்லை. ஞாயிறு தவிர எல்லா நாளும் உண்டு. அமாவாசைக்கு மட்டும் கிடையாது. அமாவாசையன்று தறியில் உட்காரக் கூடாது என்பது அந்தத் தெருவின் சட்டம். கீழே தறி நின்றால் மேலே டே கேரும் நின்றுவிடும். பள்ளி வேனில் டே கேருக்கு வருவது என் மகள் மட்டும்தான். அன்றைக்கு வேன் அவளை நேராகத் திருப்பருத்திக்குன்றம் சாலையில் இருக்கும் எங்கள் வீட்டில் இறக்கிவிடும். நானும் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, பொறுப்பான தகப்பனைப் போல வாசலில் நிற்பேன்.

அந்த மாதம் அமாவாசை இரண்டு நாளில் விழுந்தது. செவ்வாய் மதியம் பிறந்து புதன் மதியம் வரை. டே கேர் அம்மா எனக்குப் போன் செய்தார்.

"சார், சில பேரு செவ்வாய்ங்கறாங்க, சில பேரு புதன்ங்கறாங்க. எங்க தெருவுல புதன்கெழமதான் தறிய நிறுத்தறாங்க. வேன்காரருகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா 'சரிக்கா, சரிக்கா'ன்னு போன வெச்சிடறாரு."

சொல்லிவிடுகிறேன் என்றேன். 'செவ்வாய் டே கேர், புதன் வீடு' என்று நாலைந்து சொல்லில் முடிந்திருக்கும். ஆனால் நான் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை ஆரம்பித்ததும் நான்தான். டே கேர் பெற்றோரும் வேன்காரரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படித் தொடங்கினேன்: 'பெரியோர்களே, இம்மாத அமாவாசை செவ்வாய்க்கிழமை மதியமே நமது ஊருக்கு விஜயம் செய்கிறது.' பிறகு சந்திரனை இடமாற்ற உத்தரவு வந்தும் நாற்காலியை விடாத அதிகாரியோடு ஒப்பிட்டேன். பஞ்சாங்கக்காரர்களைக் கொஞ்சம் சீண்டினேன். பதினாறாவது வரியில், போகிற போக்கில், விடுமுறை புதன்கிழமைதான் என்பதையும் சொல்லியிருந்தேன். இரண்டு தாய்மார்கள் சிரிக்கும் முகம் போட்டார்கள். வேன்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். ஒரு வாசகர் கூடிவிட்டார் என்று எனக்கு அன்றிரவு நல்ல தூக்கம்.

செவ்வாய் மாலை ஐந்தே முக்காலுக்கு மகளை அழைக்கப் போனேன். மாடிப்படி அடியில் பிள்ளைகளின் ஷூக்கள் வரிசையாக இருந்தன. அவளுடையது இல்லை. மேலே ஏறினேன்.

"என்னா சார், நீங்க வந்துக்கினு இருக்கீங்க?" என்றார் அந்த அம்மா, சிரித்துக்கொண்டே.

"பாப்பாவக் கூப்பிடத்தான்."

"பாப்பா இன்னிக்கு வரலையே சார்."

அவர் முகத்தில் சிரிப்பு உடனே போய்விடவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"நீங்க குரூப்புல எழுதினதப் பாத்தேனா... சரி, சார் செவ்வாயையும் அமாவாசையா வெச்சிக்கினாரு, வீட்டுக்கே வரவெச்சிட்டாருன்னு நெனச்சேன்."

"ஒரு போன் பண்ணக் கூடாதாம்மா?"

"நீங்க வேன்காரருக்கு சொல்லிடறேன்னீங்களே சார்."

கீழே தறிச்சத்தம் நின்றது. விளக்கு வைக்கும் வரை நிற்காத சத்தம் அது. கணவர் படியடியில் வந்து மேலே பார்த்தபடி நின்றார்.

வேன்காரருக்குப் போன் செய்தேன்.

"வீட்டாண்ட எறக்கிட்டேனே சார், நாலு மணிக்கே. கேட்டுக்குள்ள போனத பாத்துட்டுத்தான் வண்டிய எடுத்தேன். நீங்கதான சார் செவ்வாய்க்கெழம அமாவாசன்னு போட்டிருந்தீங்க?"

குரூப்பைத் திறந்தேன். என் கட்டுரையின் முதல் சில வரிகள் தெரிந்தன. அதற்குக் கீழே 'மேலும் படிக்க' என்று இருந்தது. புதன்கிழமை அதற்கும் கீழே, யாரும் தொடாமல் கிடந்தது.

குறுக்குச் சந்து வழியாக வீட்டுக்கு வண்டியை விரட்டினேன். கேட் சாத்தியிருந்தது. வாசற்படியில் அவளுடைய பள்ளிப் பை, கதவில் சாய்த்து நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அவள் இல்லை. எதிர் வீடு பூட்டு. பக்கத்தில் ஆறு மாதமாகக் கட்டிக்கொண்டிருக்கும் வீடு. அதன் முன்னால் மூடாத தண்ணீர்த் தொட்டி. எட்டிப் பார்த்தேன். பச்சைத் தண்ணீரில் ஒரு செருப்பு மிதந்தது. ஆண் செருப்பு, பத்தாம் நம்பர் இருக்கும். யாரோ ஒருவரின் செருப்புக்காக நான் அடைந்த நிம்மதி இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கட்டடத்துக்குள் போய்த் திரும்பி வந்தது என் குரல்தான்.

பிறகுதான் புத்தி வேலை செய்தது. பூட்டிய வீட்டிலிருந்து அவள் டே கேருக்குத்தான் நடந்திருப்பாள். எனக்குக் குறுக்குச் சந்து. அவளுக்குத் தெரிந்த ஒரே வழி வேன் போகும் வழி. அது ஜல்லி லாரிகள் போகும் மெயின் ரோட்டைத் தாண்டும்.

இருட்டத் தொடங்கிவிட்டது. ரோட்டோரத்தில் ஒரு மின்கம்பத்தை ஒரு கையால் பிடித்தபடி, சீருடையோடு நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு லாரி போகும்போதும் பாவாடை பறந்து அடங்கியது. நாலரை மணியிலிருந்து நின்றிருக்கிறாள்.

"ஏம்மா இங்கயே நிக்கற?"

"பெரியவங்க கையப் புடிச்சிக்கினுதான் ரோட்டத் தாண்டணும்னு நீதான சொன்ன."

"யாரையாவது கேக்கறதுதானே?"

"தெரியாதவங்க கையப் புடிக்கக் கூடாதுன்னும் நீதான சொன்ன."

இரண்டும் நல்ல விதிகள். தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தபோது பெருமையாகத்தான் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் ஒரு எட்டு வயதுப் பிள்ளையை ஒரே இடத்தில் நட்டுவைத்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எதிர்ப்பக்கத்து இளநீர்க்காரர் ரோட்டைத் தாண்டி வந்தார்.

"உங்க கொயந்தயா சார்? அப்பலேருந்து பாத்துக்கினேதான் இருக்கறேன்."

"வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேப்பா."

"பொம்பளப் புள்ளயாண்ட போயி பேசினா இந்தக் காலத்துல கட்டிவெச்சி அடிப்பாங்க சார்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தன் பைக்குல ரெண்டு தபா வந்து நின்னான். இட்டுக்கினு போயி வுடட்டான்னு கேட்டான் போல. புள்ள மூஞ்சியத் திருப்பிக்கிச்சி. நான் அவனப் பாத்துக்கினே சும்மா ஒரு இளநி சீவினேன். போய்ட்டான்."

வெயில் நேரத்தில் இளநீர் சீவுகிறவர். மாலையில் சீவியது யாரும் கேட்காத இளநீர். அவருக்கு நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

ஏழு மணிக்கு என் மனைவி ஸ்ரீபெரும்புதூர் வேலையிலிருந்து வந்துவிட்டாள். டே கேர் அம்மா வந்தார். வேன்காரரும் வந்து கதவருகிலேயே நின்றார். செவ்வாயா புதனா என்று ஆளுக்கொரு காலண்டரைச் சொல்லிப் பேசினார்கள். நாட்காட்டித் தாளைக் கிழித்துக்கூடக் காட்டினார்கள்.

"அப்ப யாருமே தப்பு பண்ணல. புள்ள மட்டும் தானா போயி ரோட்டுல நின்னுச்சி," என்றாள் மனைவி. "எனக்கு ஒரு ஆளு வேணும். யாரு பொறுப்பு?"

அந்த ஆள் சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தார். அதிலிருந்து வந்தது இதுதான்:

"கேட்டாண்ட எறக்கிட்டா ஆச்சாப்பா? வீடு பூட்டியிருக்குதான்னு பாக்க வேணாமா?"

நியாயமான கேள்வி. அதனால்தான் அதைக் கேட்டேன்.

வேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்பு என்னுதுதான் சார். வண்டி ஓட்டிக்கினே பாத்தேன், முழுசாப் படிக்கல. மன்னிச்சிடுங்க சார், மன்னிச்சிடுங்கம்மா."

"சரி, விடுப்பா. இனிமே கவனமா இரு," என்றேன்.

டே கேர் அம்மா என்னைப் பார்த்தார். பதினாறு வரியையும் படித்தவர் அவர் ஒருவர்தான். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினார். அந்தப் பதினாறாவது வரியைப் பற்றி மனைவியிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

மறுநாள் காலை மகள் பால்பாயிண்ட் பேனாவால் இடது உள்ளங்கையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா அது?"

விரித்துக் காட்டினாள். 'வீடு' என்று இருந்தது.

"நான் சொல்லமாட்டேனா?"

"அம்மா போனுலேருந்து டே கேர் மிஸ்கிட்டயே கேட்டுட்டேன்."

வேன் எப்போதும் தெருவின் எதிர்ப்பக்கம்தான் நிற்கும். ஹாரன் கேட்டது. வழக்கம்போலக் கையை நீட்டினேன். அவள் மை அழியாமல் விரல்களை மடக்கிக்கொண்டாள். வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள், நான் படியிறங்குவதற்குள் தெருவைத் தாண்டிப் போய்விட்டாள்.