மெஹர் அக்காவின் கருப்புக் கயிறு

பௌர்ணமியன்று வேலை முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்காக நின்றிருந்தபோது செய்தி வந்தது. மெஹருன்னிசா அக்காவின் தங்கை மகள் போனில் பேசினாள். "பெரியம்மா மௌத்தாயிட்டாங்க ஆன்ட்டி." கிரிவலக் கூட்டத்தில் ஒரு வண்டியும் நகரவில்லை. எதிரே வந்த ஜனங்களை இடித்துக்கொண்டு நடந்தே போனேன். அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. போவதற்கு வேறு நாளா கிடைக்கவில்லை இந்த அக்காவுக்கு?

அவரோடு குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்த எல்லோருக்கும் இது நினைவிருக்கும். பூச்சிமருந்து பட்ட குழந்தை வந்தால், "ஊசிய டாக்டர் பாத்துப்பாரு. நீ மொதல்ல துணியக் கழட்டு" என்பார். பிறகு குழந்தையின் தலைமுடியை முகர்ந்து பார்ப்பார். 'மோப்பக்கார அக்கா' என்று கேலி செய்வோம், அவரும் சிரிப்பார். ஈரானில் போர் நடந்த காலத்தில் அங்கே நர்ஸாக இருந்துவிட்டு எண்பத்தொன்பதில் ஊர் திரும்பியவர். முன்கைகளில் இருந்த தழும்பு எண்ணெய் கொட்டியது என்றே நாங்கள் நம்பியிருந்தோம்.

ஒருநாள் அடி அண்ணாமலையிலிருந்து ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள். கடலைக்கொல்லைக்கு அடிக்க வைத்திருந்த மருந்தை மேலே கவிழ்த்துக்கொண்டிருந்தான். வாயில் நுரை, கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது. டாக்டர் ஊசி ஏற்ற, அக்கா துணியைக் களைந்து சோப்பு போட்டுக் கழுவினார். மருந்தில் ஊறிய அரைஞாண் கயிறு இடுப்பில் கிடந்தது. கத்தரிக்கோலை எடுத்ததும் தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத அறுக்காதீங்கம்மா. செத்தாத்தான் அத அறுப்பாங்க."

எனக்கும் மனசு கேட்கவில்லை. "கயிறுதானே, இருந்துட்டுப் போவட்டும்க்கா" என்றேன்.

"இப்ப விட்டா நாளைக்கு நீங்க அறுக்க வேண்டியிருக்கும்" என்று தாயிடம் சொல்லிவிட்டு அறுத்தார். "எம்புள்ளையப் பொணமாக்கிட்டியே பாவி" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா கயிறு இருந்த இடத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

பையன் பிழைத்தான். வீட்டுக்குப் போகும் அன்று அவன் தாய் புதுக் கருப்புக் கயிறோடு வந்து நின்றாள். "அறுத்தது நீங்க. நீங்களே கட்டிவுடுங்க." அக்காவின் கை நடுங்கி முடிச்சே விழவில்லை. நான்தான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் வாய் திறந்தார். "ஈரான்ல விஷப்புகை பட்ட பசங்களக் கொண்டாந்தாங்க செல்வி. துணியெல்லாம் பூண்டு வாடை. தூக்கின எங்க கையும் கொப்பளிச்சுப் போச்சு. ஒரு பையன் கையில துணித் தாயத்து. கண்ணு தெரியாமப் போன அவங்கம்மா பக்கத்துக் கட்டில்ல. அத மட்டும் விட்டுடுன்னு கெஞ்சினா. நானும் தாயத்து கட்டி வளந்தவதானே, விட்டுட்டேன். மறுநாள் அவன் கை தோள் வரைக்கும் வெந்துபோச்சு. அப்புறம் அவனும் போயிட்டான். அதனாலதான்னு எந்த டாக்டரும் சொல்லல. எனக்குத்தான் தோணிக்கினே இருக்கு."

அதற்குப் பிறகு அவர் பாக்கெட்டில் ஒரு கருப்பு நூல்கண்டு எப்போதும் இருந்தது. கயிற்றை அறுத்து, குழந்தையைக் கழுவித் துடைத்ததும், தாய் கேட்பதற்கு முன்பே புதுசு கட்டிவிடுவார்.

அந்தப் புகை அவர் நுரையீரலையும் விட்டுவைக்கவில்லை. கடைசியாகப் பார்க்கப் போனபோது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்து, "தாயத்த எடுத்துட்டியா?" என்றார்.

"எடுத்துட்டேன்க்கா. கழுவியும் ஆச்சு."

"அழறானா?"

"இல்லக்கா, தூங்கறான்."

தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் வெளியே வந்துதான் அழுதேன்.

அடக்கம் முடிந்தபின் தங்கை மகள் அந்த நூல்கண்டை என்னிடம் கொடுத்தாள். அது இப்போது என் பாக்கெட்டில் இருக்கிறது. அறுக்கும்போது என் கை நடுங்குவதில்லை, அக்கா பழக்கிவிட்டார். புதுசு கட்டும்போதுதான் நடுங்குகிறது.